கனடாவில் பிரெஞ்சா ஆங்கிலமா என்ற சண்டையில் நாங்கள் யார் பக்கம்?

ஒற்றைப்பனை (மொன்றியல்)
9 நவம்பர் 2024

போன செவ்வாய்க்கிழமை மாமியைக் கூட்டிக்கொண்டு ஒரு மாகாண அரசு அலுவலகத்துக்குப் போனேன். மாமி என் கணவரின் ஸ்பொன்சரில் வந்து ஒன்றரை வருடமாகிறது. இலக்கத் துண்டு எடுத்து ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்த பெண் பிரெஞ்சில் தொடங்கினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மறுபடியும் பிரெஞ்சு. என்னுடைய பிரெஞ்சு கடைத்தெருவுக்குக் காணும், அரசாங்கப் படிவத்துக்குக் காணாது. நான் திணறுவதைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில், “சட்டம், மேடம்” என்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்த ஆங்கிலம் அந்த இரண்டு சொல்தான்.

2022இல் வந்த 96ஆம் சட்டம் அது. புதிதாகக் குடிவந்தவர்களுடன் ஆறு மாதத்துக்குப் பிறகு எங்கள் கியூபெக் மாகாண அரசு பிரெஞ்சில்தான் கதைக்கும். வைத்தியசாலை, பொதுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2021 மே மாதத்துக்கு முன்பே அரசுடன் ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து வைத்திருந்ததால் எனக்கும் விலக்கு. மாமிக்கு இல்லை. கடைசியில் என் 17 வயது மகள் வந்து நின்றாள். அவள் எழுத்துக் கூட்டிப் படித்ததே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். அப்பம்மா தமிழில் சொல்ல, பேத்தி பிரெஞ்சாக்க, பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. நடுவில் நான் கைப்பையைப் பிடித்தபடி ஊமை மாதிரி நின்றேன்.

பஸ்ஸில் வரும்போது மாமி கேட்டார்: “பிள்ளை, உங்கட மாமா அரசாங்கக் கச்சேரியில கிளார்க்கா இருந்தவர். சிங்களச் சோதனை பாஸ் பண்ணேல்ல எண்டு சம்பள உயர்வை நிப்பாட்டினவங்கள். இதுக்குத்தானே அங்கயிருந்து வெளிக்கிட்டது?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் என்னில் பாதி கியூபெக்காரர் பக்கம். ஆங்கிலக் கடலுக்கு நடுவில் ஒரு சின்ன இனம் தன் மொழியைக் காப்பாற்றப் படும் பாடு எனக்கு விளங்குகிறது. மற்றப் பாதி மாமியோடு பஸ்ஸில் இருந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


ஸ்காபரோ சித்தப்பா (ரொறன்ரோ)
9 நவம்பர் 2024

தங்கச்சி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாமான்களைக் கட்டிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஏறுங்கள். ஐந்தரை மணித்தியாலத்தில் ஸ்காபரோ. இங்கே வங்கியில் தமிழ், மருந்துக்கடையில் தமிழ், பல்லுப் பிடுங்குகிற இடத்திலும் தமிழ். நான் 1987இல் வந்தவன். இத்தனை வருடத்தில் ஒருத்தன் என்னிடம் “சட்டம், ஐயா” என்று சொன்னதில்லை. 1971இல் அப்பா ட்ரூடோ கொண்டுவந்த பல்கலாசாரம் என்றால் இதுதான். கியூபெக்காரர் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. அதுதான் பிரச்சினை.


வைகைக்கரை (ஒட்டாவா)
10 நவம்பர் 2024

சித்தப்பா, ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் ஸ்காபரோவில் நாள் முழுக்க ஆங்கிலம்தான் பேசுகிறீர்கள். அது ஒரு மொழியாகவே உங்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஒன்டாரியோ அரசு அலுவலகத்தில் போய்த் தமிழில் மட்டும் பேசிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

நான் மதுரையிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (மதிப்பெண் பார்த்துக் குடியேற அழைக்கும் முறை) வந்தவன். என் கதை வேறு. 2023இலிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிப் பிரிவில் அழைப்பு விடுகிறார்கள். பொதுப்பிரிவில் 500க்கு மேல் மதிப்பெண் இருந்தால்தான் அழைப்பு வரும் என்ற நிலையில், பிரெஞ்சுப் பிரிவில் 300களில் இருந்தவர்களுக்கும் வந்தது. என் நண்பன் ஒருவன் இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியாகப் பிரெஞ்சு படித்து, தேர்வு எழுதி உள்ளே வந்துவிட்டான். இன்றைக்கு அவன் வேலை பார்ப்பது கால்கரியில். அங்கே அவனோடு பிரெஞ்சு பேசக் காக்கா குருவி கூடக் கிடையாது.


கேள்வியன்
10 நவம்பர் 2024

எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். நேரடியாகவே கேட்கிறேன். 1956இல் ‘சிங்களம் மட்டும்’. 1977இல் கியூபெக்கின் 101ஆம் சட்டம். குடிவந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும், கடைப்பலகையில் பிரெஞ்சு இருக்கவேண்டும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சிங்களவன் செய்தால் பேரினவாதம், வெள்ளைக்காரன் செய்தால் மொழிப்பற்றா?


ஒற்றைப்பனை (மொன்றியல்)
10 நவம்பர் 2024

கேள்வியன், வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபமாகச் சொல்ல வராது.

1960களின் மொன்றியலைப் பாருங்கள். ஊரில் பெரும்பாலானோர் பிரெஞ்சுக்காரர். ஆனால் முதலாளி ஆங்கிலேயர், கடைப்பலகை ஆங்கிலம், வேலை உயர்வு கேட்டால் ஆங்கிலம். பிரெஞ்சில் கதைத்தால் “வெள்ளையாகப் பேசு” என்று முகத்துக்கு நேரே சொன்ன காலம். 1963இல் போட்ட இருமொழி, இருபண்பாட்டு ஆணைக்குழு 1961ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தது. கியூபெக்கில் ஆண்களின் வருமானத்தை இனவாரியாக அடுக்கினால் 14 இனங்களில் பிரெஞ்சுக்காரர் 12ஆம் இடம். சொந்த மண்ணில்! அவர்களுக்குக் கீழே இத்தாலியரும் முதற்குடிகளும்தான். இலங்கையில் சிங்களவர் நாட்டிலும் பெரும்பான்மை, பாராளுமன்றத்திலும் பெரும்பான்மை. பிரெஞ்சுக்காரர் கனடா முழுக்கப் பார்த்தால் எங்களைப் போல.

ஆனால் கியூபெக்குக்குள் அவர்கள்தான் பெரும்பான்மை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பது அவர்கள். ஒரே ஆள் ஒரு வாசலில் தமிழன், மறு வாசலில் சிங்களவன். இதை மாமிக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோட்-டெ-நேஜில் நான் சாமான் வாங்கும் கடைப்பலகையில் பிரெஞ்சு பெரிதாக இருக்கிறது, கீழே தமிழ் சின்னதாக இருக்கிறது, ஆங்கிலம் கிடையவே கிடையாது. முதல் தடவை பார்த்தபோது ஏனென்று தெரியாமல் எனக்குச் சந்தோசமாக இருந்தது.


ஸ்காபரோ சித்தப்பா (ரொறன்ரோ)
10 நவம்பர் 2024

அந்தச் சந்தோசத்தோடு 1995ஐயும் நினைத்துப் பாருங்கள். கியூபெக் பிரிந்துபோவதா என்ற வாக்கெடுப்பு. வேண்டாம் 50.58 வீதம், வேண்டும் 49.42 வீதம். ஏறக்குறைய 54,000 வாக்கு வித்தியாசம். அன்றிரவு மேடையில் ஏறி முதல்வர் பாரிசோ என்ன சொன்னார்? தாங்கள் தோற்றது பணத்தாலும் இனக்குழு வாக்குகளாலும் என்றார். இனக்குழு என்றால் யார்? நீங்களும் நானும்தான்.


ஒற்றைப்பனை (மொன்றியல்)
10 நவம்பர் 2024

சித்தப்பா, அந்த இரவு எனக்கு நல்லாக ஞாபகம். என் கணவர் அப்போது ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. குடியுரிமை எடுத்த சூடு ஆறவில்லை, போய் ‘வேண்டாம்’ என்று போட்டுவிட்டு வந்தார். பக்கத்து மெஷினில் இருந்த கியூபெக்கார மனிதர், தினமும் மத்தியானம் எங்கள் வீட்டு மீன்குழம்பை வாங்கிப் பாணில் தொட்டுச் சாப்பிடுகிறவர், மூன்று கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாவது கிழமை அவராகவே வந்து, “நீங்கள் ஓடிவந்த நாட்டில் உங்கள் ஆட்கள் கேட்பதும் இதுதானே, எனக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்றீர்கள்?” என்று கேட்டாராம். கணவர் வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார். இருவருமே பதில் தேடினோம். “பயம்” என்பதைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. இன்னொரு நாடு உடைவதைப் பார்க்கிற தெம்பு அப்போது எங்களிடம் இல்லை.


வில்லியனூர் (லவால்)
11 நவம்பர் 2024

வணக்கம். பல மாதங்களாகப் படிக்க மட்டும் செய்கிறவன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் புதுச்சேரிக்காரன். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். வீட்டில் பெரியவர்கள் சண்டை போட்டால் பிரெஞ்சில்தான் போடுவார்கள், பிள்ளைகளுக்குப் புரியக்கூடாது என்று. அதே சண்டையைக் கேட்டே நாங்கள் பிரெஞ்சு கற்றோம்! ஒற்றைப்பனை அக்கா சொல்கிற அதே மாதிரிக் கவுண்டரில் நான் போய் நின்றால் எழுந்து நிற்காத குறைதான். “எங்கே இவ்வளவு அழகாகப் பேசக் கற்றீர்கள்?” என்பார்கள். பக்கத்தில் என்னைப் போலவே கறுத்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் தட்டுத்தடுமாறிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் தமிழர். அவருடைய தாத்தாவை ஆண்டவன் இங்கிலீஷ்காரன், என் தாத்தாவை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அக்கா பார்த்த அந்தக் கவுண்டர்ப் பெண் எந்த ஊர் என்று கேட்டீர்களா? மொன்றியலில் நான் பார்த்தவரை பாதிப் பேர் ஹெய்ட்டி, அல்ஜீரியா, மொராக்கோ. பிரெஞ்சு தெரிந்தவர்கள் வேண்டும் என்று கியூபெக் தேடித் தேடி எடுக்கிறது. உலகத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் எங்கே இருப்பார்கள்? பிரான்சு அடித்துப் பிடித்து ஆண்ட இடங்களில்தான். ஒன்ராறியோவுக்கு இந்தியா, இலங்கை, ஜமைக்கா. கியூபெக்குக்கு ஹெய்ட்டி, வட ஆப்பிரிக்க மக்ரெப். பழைய எஜமானர்கள் கிழித்த கோட்டில்தான் இன்றைக்கும் ஆட்கள் விமானம் ஏறுகிறார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஏழாண்டுப் போரில் 1759இல் கியூபெக் நகரம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே வருஷம் செப்டம்பரில் மொன்றியல், 1761 ஜனவரியில் புதுச்சேரி. கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763இல் பாரிஸ் உடன்படிக்கை. அதில் பிரான்சு கனடாவை விட்டுக்கொடுத்தது, புதுச்சேரியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதாவது கியூபெக்காரனைக் கைகழுவிவிட்ட அதே தாளில்தான் எங்கள் ஊரைத் திருப்பி எடுத்திருக்கிறார்கள். கியூபெக் கார்களின் நம்பர் தகட்டில் ‘எனக்கு நினைவிருக்கிறது’ என்று எழுதியிருக்கும் இல்லையா? அதைப் பார்க்கும்போதெல்லாம், ‘எனக்கும்தான்’ என்று சொல்லத் தோன்றும்.


வைகைக்கரை (ஒட்டாவா)
11 நவம்பர் 2024

அடடா! வந்தவாசியையும் மாண்ட்ரியாலையும் ஒரே வரியில் படிப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. (ஆமாம், நான் ‘மாண்ட்ரியால்’ என்றுதான் எழுதுவேன். இலங்கை நண்பர்கள் மன்னிக்க.)

ஆனால் தேடி எடுத்த பின் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2019இல் 21ஆம் சட்டம். பள்ளி ஆசிரியர், போலீஸ், அரசு வழக்கறிஞர் யாரும் வேலை நேரத்தில் மத அடையாளம் அணியக்கூடாது. பிரெஞ்சு தெரியும் என்று அல்ஜீரியாவிலிருந்து வரவழைத்த பெண்ணிடம், முக்காட்டைக் கழற்றினால்தான் வகுப்பு என்கிறார்கள். எங்கள் ஊருக்கு ஆற்றைத் தாண்டினால் செல்சி. 2021 டிசம்பரில் அங்கே ஓர் ஆசிரியையை இந்தச் சட்டத்தால் வகுப்பிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு மாற்றினார்கள். இத்தனைக்கும் கியூபெக் சட்டமன்றச் சுவரில் 1936இலிருந்து ஒரு சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. 2019இல்தான், ஊர் சிரித்த பிறகு, கழற்றினார்கள்.


வில்லியனூர் (லவால்)
11 நவம்பர் 2024

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1960 வரைக்கும் கியூபெக்கில் பள்ளி, மருத்துவமனை எல்லாம் திருச்சபை கையில். அதை உதறி எறிந்த தலைமுறைக்கு, மதம் என்றாலே பழைய சங்கிலி. நியாயம் என்று சொல்லவில்லை. என் பக்கத்து வீட்டுக் கிழவி 12 பிள்ளை பெற்றவர். பாதிரியார் வீட்டுக்கே வந்து, “அடுத்தது எப்போது?” என்று கேட்பாராம். முக்காட்டைப் பார்த்தால் அவருக்கு அந்தப் பாதிரியார் ஞாபகம் வருகிறது. முக்காடு போட்ட பெண்ணுக்கும் அந்தப் பாதிரியாருக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை.


கேள்வியன்
12 நவம்பர் 2024

வரலாற்றுப் பாடம் நன்றாக இருக்கிறது. நடப்புக்கு வருவோம். போன மாதம் ஒட்டாவாவில் மத்திய அரசு அறிவித்ததைப் பார்த்தீர்களா? 2025க்கு 5 லட்சம் நிரந்தரக் குடியேறிகள் என்று சொல்லியிருந்தார்கள். அதை 3,95,000 ஆக்கிவிட்டார்கள். 2027க்கு 3,65,000. வாடகை ஏறினால் குடியேறிதான் காரணம். இதுதான் உங்கள் பல்கலாசாரம்.


ஸ்காபரோ சித்தப்பா (ரொறன்ரோ)
12 நவம்பர் 2024

உண்மையைச் சொன்னால் குறைத்தது சரிதான். என் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு வாடகைக்கு ஆள் வேண்டும் என்று போட்டால் ஒரு நாளில் அறுபது அழைப்பு. பாவம், ஓர் அறையில் ஐந்து மாணவர் படுக்கிறார்கள். இத்தனை பேரைக் கூப்பிட முன் வீடு கட்டியிருக்க வேண்டாமா? கதவைக் கொஞ்சம் சாத்தத்தான் வேண்டும்.


ஒற்றைப்பனை (மொன்றியல்)
12 நவம்பர் 2024

சித்தப்பா, நீங்கள் வந்தது 1987 என்றீர்கள். அதற்கு முதல் வருடம் ஓகஸ்டில், நியூஃபவுன்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். நாடே இரண்டுபட்டது. திருப்பி அனுப்பு என்று எத்தனை குரல்! பிரதமர் மல்ரோனி அனுப்ப மறுத்தார். அன்று கதவைக் கொஞ்சம் சாத்தியிருந்தால் உங்கள் பேஸ்மென்ட் ஏது?

2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது அந்தக் கதவு எப்படியிருந்தது என்றும் பார்த்தோம். பெண்கள், பிள்ளைகள் என்று பாராமல் தடுப்பில் வைத்தார்கள். அப்போது முதல் முதலாகக் குரல் கொடுத்தவர்களில் சீக்கியர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கொமகாட்டா மாரு மறக்கவில்லை. 1914இல் 376 பேரோடு வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நின்ற கப்பல். 24 பேரை மட்டும் இறங்கவிட்டார்கள். பிறந்த நாட்டிலிருந்து நேராக, எங்கும் நிற்காமல் வரவேண்டும் என்றது சட்டம். இந்தியாவிலிருந்து அப்படி வரக் கப்பலே கிடையாது. ‘இந்தியர் வரக்கூடாது’ என்று எழுதாமலே எழுதிய சட்டம். அவர்களும் பிரித்தானியப் பேரரசின் பிரசைகள்தான், கனடாக்காரரும் அதே பேரரசின் பிரசைகள்தான். அதே ராசா!


ஸ்காபரோ சித்தப்பா (ரொறன்ரோ)
12 நவம்பர் 2024

சரி சரி, அடித்துவிட்டீர்கள். அந்த 155 பேரில் ஒருத்தர் எனக்குக் கலியாணத் தரகராக இருந்தவர் என்பதை இங்கே சொல்லவேண்டிய தேவை எனக்கில்லை.


பனிநிலா (வினிபெக்)
13 நவம்பர் 2024

இந்த இழையில் நாற்பது வருடக் கதையும் இருநூற்றறுபது வருடக் கதையும் வந்துவிட்டன. அதற்கு முன்னால் யாரும் போகவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இங்கே பிறந்தவள், என் தமிழில் பிழை இருந்தால் திருத்துங்கள். வினிபெக்கில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கனடாவில் முதற்குடி மக்கள் அதிகம் வாழும் நகரம் இதுதான். என் வகுப்பில் 22 பிள்ளைகள், அதில் எட்டுப் பேர் கிரீ, ஒஜிப்வே. செப்டம்பர் 30 அன்று எல்லோரும் செம்மஞ்சள் சட்டை போட்டுவருவோம். வதிவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட சுமார் 1,50,000 பிள்ளைகளின் நினைவாக. பெற்றோரிடமிருந்து பிரித்து, தலைமுடியை வெட்டி, தாய்மொழியில் கதைத்தால் அடித்த பள்ளிகள். 1990களில்தான் கடைசிப் பள்ளி மூடப்பட்டது. போன வருடம் ஒரு பையன் என்னிடம், “மிஸ், உங்கள் பாட்டி எந்த மொழி கதைப்பார்?” என்று கேட்டான். தமிழ் என்றேன். “அவரை யாரும் அடிக்கவில்லையா?” என்றான். அவனுடைய பாட்டிக்கு விழுந்த அடியால் அவன் அம்மாவுக்கு கிரீ தெரியாது, அவனுக்கும் தெரியாது.

இருமொழி நாடு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். 1969இல் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அதே 1969இல், அதே அரசு, முதற்குடிகளின் தனித் தகுதியையே இல்லாமல் செய்ய வெள்ளை அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்தது. அவர்கள் கொதித்தெழுந்த பின் கைவிட்டது. ஒற்றைப்பனை அக்கா சொன்ன ஆணைக்குழுவுக்கு வைத்த பெயரே இரண்டு ‘நிறுவிய இனங்கள்’ என்ற எண்ணத்தில் வந்தது. முதற்குடிகள் எங்கள் வேலை வரம்புக்குள் வரவில்லை என்று அவர்களே எழுதிவைத்தார்கள். புல்வெளி மாகாணங்களில் இருந்த உக்ரேனியர்கள், ‘அப்போ நாங்கள் யார்?’ என்று சத்தம் போட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தப் பிறந்ததுதான் சித்தப்பா கொண்டாடும் 1971 பல்கலாசாரக் கொள்கை. பிந்தி வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். முந்தி இருந்தவர்களுக்குப் போட மறந்துவிட்டார்கள்.

மேரி சைமனைப் பாருங்கள். 2021இல் முதல் முதற்குடி ஆளுநர் நாயகம். ஆங்கிலமும் தன் இனத்தின் மொழியான இனுக்டிடூட்டும் சரளம். இரண்டு மொழி தெரிந்தவர்தான். ஆனால் பிரெஞ்சு தெரியாது என்று புகார் குவிந்தது. அவர் பிறந்தது கியூபெக்கின் வடக்கு மூலையில். அவர் படித்த அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கவே இல்லை.


கேள்வியன்
13 நவம்பர் 2024

அதற்கு நாம் என்ன செய்ய? நாம் யாருடைய நிலத்தையும் பிடிக்கவில்லை. அகதியாக வந்தோம், வேலை செய்தோம், வரி கட்டுகிறோம்.


ஸ்காபரோ சித்தப்பா (ரொறன்ரோ)
13 நவம்பர் 2024

முதல் தடவையாகக் கேள்வியனோடு ஒத்துப்போகிறேன். என் வீட்டுக்கு முறையான உறுதிப் பத்திரம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய காணி.

என்றாலும் பிள்ளை பனிநிலா, ஒன்று கேள்விப்பட்டேன். ரொறன்ரோ முழுவதையும் 1805இல் பத்து ஷில்லிங்குக்கு எழுதி வாங்கினார்களாம், 2010இல்தான் மிசிசாகா முதற்குடி மக்களுக்கு 14.5 கோடி டொலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்களாம். அப்படியென்றால் என் உறுதியின் அடியில் இருக்கும் மூல உறுதி அந்தப் பத்து ஷில்லிங்தானா?


பனிநிலா (வினிபெக்)
14 நவம்பர் 2024

இல்லை சித்தப்பா. அந்தக் கொள்வனவு மேற்கே எட்டோபிகோக் ஆற்றிலிருந்து கிழக்கே ஆஷ்பிரிட்ஜஸ் குடா வரை. ஸ்காபரோ அதற்கு வெளியே. உங்கள் பக்கத்துக் கதை இன்னும் மோசம். 1780களின் கடைசியில் ஒன்ராறியோ ஏரிக் கரையோரம் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ‘துப்பாக்கிச் சத்த ஒப்பந்தம்’ என்பார்கள். கரையில் நின்று சுட்டால் வெடிச்சத்தம் கேட்கும் தூரம் வரை நிலம் என்று பேச்சு. எல்லை ஒழுங்காக எழுதப்படவில்லை. பிறகு 1923இல் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் என்று ஏழு முதற்குடிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். வேட்டை, மீன்பிடி உரிமையும் அதோடு போய்விட்டதாக அரசு எடுத்துக்கொண்டது. வழக்கு நடந்து 2018இல்தான் 111 கோடி டொலரும் மன்னிப்பும்.

முல்லைத்தீவில் எங்கள் அப்பாவின் காணிக்குள் இன்றைக்கும் இராணுவ முகாம். “உறுதி எங்கட கையில, காணி அவன்ர கையில” என்று அப்பா சொல்லாத நாள் இல்லை. இந்தக் கதையை நான் அவருக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த ஏழு ஊரும் எங்க இருக்கு?” என்று வரைபடத்தில் காட்டச் சொன்னார்.

கேள்வியனுக்கு: முதற்குடிகளுடனான அரசுறவைப் பார்க்க 2023இல் அமைச்சரானவர் யார் என்று தெரியுமா? கரி ஆனந்தசங்கரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர். ‘நமக்கென்ன’ என்ற கட்டத்தை நாம் தாண்டிவிட்டோம்.


மட்டுறுத்துனர்
14 நவம்பர் 2024

அமைச்சரைப் பற்றிய கட்சி அரசியல் பதிவுகள் மூன்றை நீக்கியிருக்கிறேன். கனடா அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. தலைப்பை ஒட்டி எழுதுங்கள்.


ஒற்றைப்பனை (மொன்றியல்)
15 நவம்பர் 2024

பனிநிலா எழுதியதைப் படித்த பிறகு எனக்கு 1990 ஞாபகம் வந்தது. இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நான் மொன்றியலில் இறங்கியது 1990 ஓகஸ்ட். அண்ணர் வீட்டில் ஒரே அறை, ஒரு சின்ன ரிவி. வந்த இரண்டாம் நாள் ரிவியைப் போட்டால் இராணுவம். கவச வாகனம், மண்மூட்டை, முகத்தை மூடிக்கொண்டு துவக்கோடு ஒரு பெடியன், அவனுக்கு மூக்கோடு மூக்காக ஒரு சிப்பாய். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. “அண்ணை, இங்கயுமா?” என்றேன். அண்ணர், “அது இங்க இல்லை, தூர” என்றார். பிறகுதான் தெரியும், அது தூரமில்லை, காரில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஓகா. மோஹாக் முதற்குடி மக்களின் பைன் காட்டையும் இடுகாட்டையும் ஒட்டிக் கோல்ஃப் மைதானத்தை விரிக்கப் போனதில் வந்த மறியல், 78 நாள் நீடித்தது. கானவாகே என்ற இன்னொரு மோஹாக் ஊர் மக்கள் ஆதரவாக மெர்சியே பாலத்தை மறித்தார்கள். வேலைக்குப் போக முடியாத ஆட்கள் கோபத்தில் எரித்த மோஹாக் கொடும்பாவியை அதே ரிவியில் பார்த்தேன்.

எனக்கு அந்த மண்மூட்டையைப் பார்த்ததும் விளங்கியது. ஆனால் விளங்காத மாதிரி முப்பத்து நாலு வருடம் இருந்துவிட்டேன். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது, வாயைத் திறக்கப் பயம். பிறகு பழக்கமாகிவிட்டது.

இன்னொன்று. 96ஆம் சட்டத்தை எதிர்த்து 2022இல் எங்களைவிடக் கடுமையாகக் குரல் எழுப்பியது கானவாகே மக்கள். அவர்களின் பிள்ளைகள் படிப்பது ஆங்கிலத்திலும், மீட்டெடுக்கப் பாடுபடும் சொந்த மொழியிலும். ‘ஏற்கெனவே ஒரு அந்நிய மொழியைத் திணித்தீர்கள், இப்போது இரண்டாவதா?’ என்பது அவர்கள் வாதம். இதை மாமிக்குச் சொன்னேன். “அப்ப எங்களுக்கு முந்தியே சிங்களம் படிச்ச ஆக்கள் அவை” என்றார்.


வைகைக்கரை (ஒட்டாவா)
15 நவம்பர் 2024

மாமிக்கு ஒரு கணக்குத் திறந்து இங்கே எழுதச் சொல்லுங்கள், நாங்கள் எல்லோரும் கடையைக் கட்டிவிடலாம்.

ஒரு தகவல் மட்டும்: வடமேற்கு ஆட்புலத்தில் ஆட்சிமொழி 11. ஆங்கிலம், பிரெஞ்சு போக ஒன்பது முதற்குடி மொழிகள். அங்கே மொத்த மக்கள் தொகை ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. முடியாது என்பதற்கில்லை.


வில்லியனூர் (லவால்)
16 நவம்பர் 2024

அக்கா, மாமியைப் பிரெஞ்சு வகுப்பில் சேர்த்தீர்களா? அரசு நடத்துவது, காசு கிடையாது. என் மனைவியின் அம்மா அங்கே போய்த்தான் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் தனியாகப் பால் வாங்கும் அளவுக்கு வந்தார். இணையத்தில் பதியலாம்.


ஒற்றைப்பனை (மொன்றியல்)
16 நவம்பர் 2024

சேர்த்தேன் தம்பி. செப்டம்பரில் தொடங்கினார். 76 வயதில் புதுக் கொப்பி, புதுப் பென்சில், முன் வரிசை. ரீச்சர் துனிசியாக்காரி. மாமி வீட்டுக்கு வந்து பேத்தியிடம் உச்சரிப்புக் கேட்டு, கண்ணாடிக்கு முன்னால் வாயைக் குவித்துக் குவித்துப் பழகுவார். ஒரு நாள் மகளிடம், “இந்த ஊரில முந்தி இருந்த சனத்தின்ர பாசையில நன்றிக்கு என்ன?” என்று கேட்டிருக்கிறார். மகள் தேடிப் பார்த்து ‘நியாவென்’ என்று சொல்லிக்கொடுத்தாள். அதையும் கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார், மெர்சிக்குக் கீழே.

போன கிழமை வகுப்பை மூடிவிட்டார்கள். இந்த வருடத்துக்கான காசு முடிந்துவிட்டதாம். பல இடங்களில் இதே கதை என்று செய்தியில் சொன்னார்கள். அறிவித்தல் கடிதம் வீட்டுக்கு வந்தது. பிரெஞ்சில்தான்.


ஸ்காபரோ சித்தப்பா (ரொறன்ரோ)
16 நவம்பர் 2024

தங்கச்சி, ஆன்லைனில் நடத்துகிற வகுப்பு இருக்கிறதா என்று மகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் எனக்கும் இணைப்பை அனுப்புங்கள். சும்மா கேட்டு வைக்கிறேன்.